எட்டடியில் ஒரு புலி

என்னுடைய இரண்டாவது நாவலில் ஒரு புலி வரும். பன்னிரண்டாம் அத்தியாயத்தில் வந்து பதின்மூன்றாம் அத்தியாயத்தில் செத்துப் போகும். அந்த நாவல் தொடர்கதையாக வந்துகொண்டிருந்தபோது, அந்த அத்தியாயத்துக்குத்தான் அதிகமான கடிதங்கள் வந்தன. பிரமாதம் என்றார்கள், மயிர்க்கூச்செறிந்தது என்றார்கள். அவற்றில் ஒன்றைத்தான் இன்னும் வைத்திருக்கிறேன். அது பிரமாதம் என்று சொல்லாத கடிதம். காட்டிலாகாவில் காவலராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் தபால் கார்டில் நுணுக்கி நுணுக்கி எழுதியிருந்தார். புலியைப் பார்த்த உங்கள் கதாநாயகன் இத்தனை யோசிக்கிறானே, அவன் யோசித்து முடிக்கிற வரைக்கும் அந்தப் புலி என்ன செய்துகொண்டிருந்தது என்று கேட்டிருந்தார்.

நான் பதில் எழுதவில்லை. பதில் இருந்தால் அல்லவா எழுதுவதற்கு?

அந்தப் பக்கத்தை இப்போது எடுத்து வைத்துக்கொண்டு பார்க்கிறேன். கதாநாயகன் ஒற்றையடிப் பாதையில் வருகிறான். புதர் விலகுகிறது. புலி நிற்கிறது. உடனே அவன் தன் தாயை நினைக்கிறான்; மணந்துகொள்ள இருக்கும் பெண்ணை நினைக்கிறான்; மனித வாழ்வின் நிலையாமையைப்பற்றி ஒரு பாரா நினைக்கிறான். அதன் பிறகு அவன் உள்ளம் அஞ்சுகிறது. அஞ்சிய உள்ளம் உத்தரவு போட, உடல் நடுங்குகிறது. மந்திரி சபை கூடித் தீர்மானம் செய்து, தீர்மானம் கலெக்டருக்குப் போய், கலெக்டர் தாசில்தாருக்கு எழுதி, கடைசியில் தலையாரி வந்து தண்டோரா போடுகிற மாதிரி. எல்லாம் மேலிருந்து கீழே இறங்கி வருகிறது. கோப்பு பத்திரமாக இருக்கிறது. ஆள்தான் பிழைத்திருக்க மாட்டான்.

தமிழில் எல்லாருமே இப்படித்தான் எழுதுகிறோம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு ஆசைதான். ஆனால் சி. சு. செல்லப்பா இப்படி எழுதவில்லை. அவரிடம் பிறகு வருகிறேன். ஆபத்து எதிரே வந்து நிற்கிறபோது உண்மையில் நடப்பது என்ன என்பதை முதலில் பார்த்துவிடலாம்.

சின்ன வயசில் ஒரு நாள் இருட்டியபிறகு கொல்லைக் கிணற்றடிக்குக் கால் கழுவப் போனேன். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஏதோ சுருண்டு கிடந்தது. பார்த்தேன், பயந்தேன், குதித்தேன் என்று சொல்வதுதான் வழக்கம். நடந்தது அப்படியில்லை. நான் நாலடி பின்னால், துளசி மாடத்தில் முதுகை இடித்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தேன். அங்கே எப்படி வந்தேன் என்று எனக்குத் தெரியாது. அப்புறம் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. அதற்கும் அப்புறம்தான் பாம்பு என்ற சொல் மனசுக்கு வந்தது. அந்தச் சொல் வந்து சேர்வதற்கும், அது தாம்புக் கயிறு என்று கண் கண்டுகொள்வதற்கும் சரியாக இருந்தது. பாம்பு இல்லை என்று தெரிந்த பிறகும் வெகுநேரம் முழங்கால் ஆடிக்கொண்டே இருந்தது. முழங்காலுக்குச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

கயிற்றரவு என்பது வேதாந்திகளுக்கு மிகவும் பிடித்த உவமை. கயிற்றைப் பாம்பென்று காண்பது அவித்யை என்பார்கள். ஞானத்துக்கு அது சரி. உடம்பு போடுகிற கணக்கு வேறு. கயிற்றைப் பாம்பென்று எண்ணினால் ஒரு குதி நஷ்டம். பாம்பைக் கயிறென்று எண்ணினால் ஆளே நஷ்டம். உடம்பு எப்போதும் அவித்யையின் பக்கமே சாய்ந்து நின்றதால்தான் வேதாந்தம் பேசுவதற்கு ஆள் மிஞ்சியிருக்கிறது.

ஜோசப் லெடூ என்ற அமெரிக்க மூளை ஆராய்ச்சியாளர் 1996-ல் எழுதிய புத்தகத்தில் ஏறக்குறைய இதே உதாரணம் வருகிறது. அவருக்குக் கயிற்றுக்குப் பதிலாகக் காட்டுப் பாதையில் கிடக்கும் ஒரு வளைந்த குச்சி. புலன்கள் கொண்டுவரும் செய்தி மூளைக்குள் இரண்டு வழியாகப் போகிறது என்கிறார். ஒன்று குறுக்கு வழி. வாதுமைப் பருப்பின் வடிவத்தில் இருப்பதால் அமிக்டலா என்று பெயர் பெற்ற ஒரு பகுதிக்கு அது நேரே போகிறது. எலிகளிடம் அளந்ததில், ஓசை இந்த வழியில் போய்ச் சேர ஒரு விநாடியில் ஆயிரத்தில் 12 பங்கு போதுமானதாக இருந்தது. மற்றது, மூளையின் மேற்பரப்பைச் சுற்றிக்கொண்டு வரும் ராஜபாட்டை. அதில் வந்தால் செய்தி விவரமாக வரும். ஆனால் தாமதமாக வரும். மனிதர்களுடைய பார்வைக்கு இந்தக் குறுக்கு வழிக் கணக்கு எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதில் விஞ்ஞானிகளுக்குள் இன்னும் சச்சரவு இருக்கிறது. கதை எழுதுகிறவன் அதில் தலையிட வேண்டியதில்லை. கிணற்றடி அனுபவம் அவனுக்குப் போதும்.

டார்வினுக்கு அந்த அனுபவம் லண்டன் மிருகக்காட்சி சாலையில் கிடைத்தது. கனமான கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு விரியன். இந்தப் பக்கம் கண்ணாடியோடு முகத்தை ஒட்டி வைத்துக்கொண்டு, பாம்பு கொத்த வந்தாலும் நகர்வதில்லை என்று தீர்மானம் செய்துகொண்டு டார்வின். கண்ணாடி உடையாது என்று அவருக்குத் தெரியும். பாம்பு கொத்தியது. அவர் ஒரு கஜ, இரண்டு கஜ தூரம் பின்னால் துள்ளிப் போய் விழாத குறையாக நின்றார். மனிதரும் பிராணிகளும் உணர்ச்சிகளை வெளிக்காட்டும் விதம்பற்றி 1872-ல் அவர் வெளியிட்ட புத்தகத்தில் இதை வெட்கப்படாமல் எழுதியிருக்கிறார். உலகத்தில் அவ்வளவு பெரிய அறிவாளியின் தீர்மானம், அவருடைய கால்களை எட்டவே இல்லை.

12 ஆண்டுகள் கழித்து, 1884-ல், வில்லியம் ஜேம்ஸ் இதையே ஒரு தத்துவமாகச் சொல்லிவிட்டார். கரடியைக் கண்டு பயப்படுவதால் நாம் ஓடவில்லை, ஓடுவதால்தான் பயப்படுகிறோம் என்று. கேட்டவர்கள் சிரித்தார்கள். முழுக்கவும் சரி என்று இன்று யாரும் சொல்வதில்லை. ஆனால் முழுக்கவும் தவறு என்றும் சொல்லிவிட முடிவதில்லை.

இதற்கெல்லாம் வெளிநாட்டுக்குத்தான் போகவேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டியதில்லை. தொல்காப்பியர் எட்டு உணர்ச்சிகளைப் பிரித்து, அவற்றில் ஒன்றாக அச்சத்தை வைத்தாரே, அந்த இயலுக்கு என்ன பெயர் கொடுத்தார்? மெய்ப்பாடு. மனப்பாடு என்று கொடுக்கவில்லை. மெய்யில் படுவது, உடம்பில் தெரிவது என்று பொருள். அச்சம் பிறக்கும் இடங்கள் நான்கு என்றும் அவர் கணக்குச் சொல்கிறார்: தெய்வம், விலங்கு, கள்வர், தன்னுடைய அரசன். இந்த நாலாவதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு வேலை இருக்கிறது.

இனி ஜிம் கார்பெட். குமாயுன் மலைப் பக்கத்து ஆட்கொல்லிப் புலிகளைப்பற்றி 1944-ல் அவர் எழுதிய புத்தகத்தை வேட்டைப் புத்தகம் என்று நூல்நிலையத்தில் ஓர் ஓரத்தில் வைத்திருப்பார்கள். அவருக்கு இலக்கிய ஆசை இருந்ததாகத் தெரியவில்லை. முன்னுரையில் புலியை ஒரு பெருந்தன்மையான கனவானாகவே ஆக்கிவிடுகிறார். அது எனக்கு அவ்வளவாக ருசிக்கவில்லை. ஆனால் ஆபத்தை எழுதுவதில் அவருக்குப் பக்கத்தில் வைக்க எத்தனை நாவலாசிரியர்களைச் சொல்ல முடியும் என்று யோசித்துப் பார்த்தேன். ஒரு கை விரல்கள் மிச்சப்பட்டன.

சௌகர் புலிக் கதையின் கடைசிக் கட்டம் ஒன்று போதும். அது 64 பேரைக் கொன்ற பெண் புலி. 1930 ஏப்ரலில் ஒரு மாலை, அதைத் தேடிக்கொண்டு இரண்டு ஆட்களோடு ஓடைப் பள்ளத்தில் இறங்குகிறார் கார்பெட். பறவை முட்டைகள் சேர்ப்பது அவருடைய பொழுதுபோக்கு. வழியில் பக்கிக் குருவியின் முட்டைகள் இரண்டு அகப்படுகின்றன. அவற்றை இடது கையில் பொத்தி எடுத்துக்கொள்கிறார். ஆட்கொல்லியைத் தேடிப் போகிறவன் செய்கிற காரியமா இது? நானாக இருந்தால் என் கதாநாயகனைச் செய்ய விட்டிருக்கமாட்டேன். ஒரு பாறையைத் தாண்டுகிறார். வலது தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்க்கிறார். எட்டடி தூரத்தில், முன்னங்கால்களை நீட்டி, பின்னங்கால்களை மடித்துப் பாய்வதற்குத் தயாராகப் படுத்திருக்கிறது புலி. அதன் முகத்தில், வீட்டுக்கு வரும் எஜமானைப் பார்த்த நாயின் சிரிப்பைப் போல ஒன்று இருந்ததாம்.

அந்த நேரத்தில் அவருக்கு இரண்டு எண்ணங்கள் வந்தன. முதல் அசைவை நான்தான் செய்ய வேண்டும் என்பது ஒன்று. அந்த அசைவு புலியைக் கலவரப்படுத்தக் கூடாது என்பது மற்றது. தாயின் ஞாபகம் இல்லை. வாழ்வின் நிலையாமை இல்லை. துப்பாக்கி வலது கையில் மார்புக்குக் குறுக்கே இருக்கிறது. அதன் முனை புலியைப் பார்க்க வேண்டுமானால் முக்கால் வட்டம் சுற்ற வேண்டும். இடது கையில் முட்டைகள். ஒற்றைக் கையால், மெல்ல, மெல்லச் சுற்றுகிறார். சுடுகிறார். சுட்ட பிறகும் புலி அப்படியே பார்த்துக்கொண்டிருக்கிறது. அப்புறம் அதன் தலை மெதுவாக முன்னங்கால்களின்மேல் சாய்கிறது.

பயம் எங்கே வந்தது? இதற்குப் பிறகுதான் வருகிறது. துப்பாக்கியின் முனையைத் தம் பாதத்தின்மேல் இறக்கிவிட்டு, உடன் வந்த மாதோ சிங்கைச் சைகை காட்டிக் கூப்பிட்டு அதை வாங்கிக்கொள்ளச் சொல்கிறார். ஏனென்றால் அவருடைய கால்கள் திடீரென்று அவரைத் தாங்க மறுத்துவிட்டன. விழுந்து கிடந்த ஒரு மரத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறார். வேலை முடிகிற வரைக்கும் பயத்தை வாசலில் நிறுத்தி வைத்திருந்த உடம்பு, வேலை முடிந்ததும் உள்ளே விட்டுவிட்டது.

முட்டைகளைப்பற்றி அவர் சொல்வதை நான் பல தடவை படித்திருக்கிறேன். கையில் அவை இல்லாதிருந்தால், பார்த்த மாத்திரத்தில் சட்டென்று திரும்பியிருப்பேன்; திரும்பியிருந்தால் புலியும் சட்டென்று பாய்ந்திருக்கும் என்கிறார். அந்தச் சட்டென்ற திரும்பல் நம் எல்லாருடைய உடம்பிலும் இருக்கிறது. துளசி மாடத்தில் என்னைக் கொண்டுபோய் நிறுத்தியது அதுதான். அன்றைக்கு அதைக் கட்டிப்போட்டது கார்பெட்டின் தைரியம் அல்ல. முட்டை உடைந்துவிடக் கூடாதே என்ற, கையின் பழக்கம். பின்னால் நின்ற மாதோ சிங்குக்கு, முட்டைகளைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் துப்பாக்கியைப் பிடியுங்கள் என்று கத்த வேண்டும் போல இருந்ததாம். கத்தியிருந்தால் கதை முடிந்திருக்கும். கார்பெட் பிறகு அந்த முட்டைகளைக் கொண்டுபோய்ப் பழைய இடத்திலேயே வைத்துவிடுகிறார். தாய்ப் பறவை வந்து உட்கார்ந்துகொள்கிறது.

ஒரு நாவலாசிரியன் இந்த முட்டைகளைக் கற்பனை செய்ய முடியுமா? முடிந்தாலும், நம்ப மாட்டார்கள் என்று அடித்துவிடுவான். வேலைக்குச் சம்பந்தமில்லாத ஒரு சின்னப் பொருள் ஆபத்தின் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்வதுதான் அனுபவத்தின் முத்திரை. டால்ஸ்டாய்க்கு இது தெரிந்திருந்தது. போரோடினோ யுத்தகளத்தில் எதிரே விழுந்த குண்டு பம்பரம்போலச் சுழல்கையில் இளவரசன் ஆந்த்ரேய் புல்லைப் பார்க்கிறான். பக்கத்திலுள்ள செடியைப் பார்க்கிறான். செவாஸ்தபோல் முற்றுகையில் டால்ஸ்டாய் நேரில் இருந்தவர். நானோ புலியை மிருகக்காட்சி சாலையில், கடலை கொறித்துக்கொண்டு பார்த்தவன்.

துப்பாக்கி சுற்றி முடியவே முடியாதோ என்று கார்பெட்டுக்குத் தோன்றியதாம். ஆபத்தில் அகப்பட்ட எல்லாரும் சொல்வதுதான். காலம் நின்றுபோனது மாதிரி இருந்தது என்பார்கள். அப்படியானால் ஒரு கணத்துக்கு ஒன்றரைப் பக்கம் கொடுத்த என்னையும் மன்னிக்கலாமா? 2007-ல் வெளியான ஒரு பரிசோதனை இதற்குப் பதில் சொல்கிறது. டேவிட் ஈகிள்மனும் அவருடைய சகாக்களும் சிலரை 31 மீட்டர் உயரத்திலிருந்து மல்லாக்க, கீழே கட்டிய வலையில் விழ வைத்தார்கள். விழுந்தவர்கள், தாங்கள் விழுந்த நேரத்தை, மற்றவர்கள் விழுந்த நேரத்தைவிடச் சராசரி 36 சதவிகிதம் அதிகமாகச் சொன்னார்கள். ஆனால் விழும்போது அவர்களுடைய மணிக்கட்டில் கட்டியிருந்த கருவியில் வேகமாக மின்னி மறைந்த எண்களை, சாதாரண நேரத்தில் படிக்க முடிந்ததைவிட நன்றாக அவர்களால் படிக்க முடியவில்லை. காலம் நீளவில்லை, ஞாபகம்தான் அந்த நேரத்தை அடர்த்தியாக எழுதி வைத்துக்கொண்டது.

கதை எழுதுகிறவனுக்கு இது பெரிய உபகாரமான செய்தி. பிழைத்து வந்தவன் திண்ணையில் உட்கார்ந்து சொல்கிறபோது, அந்தக் கணம் நீளலாம், நீளத்தான் வேண்டும். கார்பெட் நிதானமாகச் சொல்வது பல வருஷம் கழித்துச் சொல்வதால் பொருந்துகிறது. நான் அந்தக் கட்டத்தை, அந்தக் கணத்திலேயே நின்றுகொண்டு, அவன் தலைக்குள் புகுந்துகொண்டு எழுதினேன். அங்கே அவ்வளவு இடம் கிடையாது.

மிருகங்களின் தலைக்குள் புகுவதோ இன்னும் வம்பான காரியம். நம் பத்திரிகைகளில் நாயும் மாடும் எத்தனையோ தடவை தன் கதையைத் தானே சொல்லியிருக்கின்றன. எல்லாம் நல்ல இலக்கணத் தமிழில். நானும் ஒரு வண்டி மாட்டைப் பேச வைத்திருக்கிறேன். மாடு என்ன உணர்ந்தது என்பது நமக்குத் தெரியாது. அது என்ன செய்தது என்பதுதான் தெரியும். முன்பு சொன்ன லெடூவே 2015-ல் எழுதிய புத்தகத்தில், ஆபத்துக்கு உடம்பு காட்டும் எதிர்வினை வேறு, பயம் என்று நாம் உள்ளே உணர்வது வேறு. அமிக்டலாவைப் பயத்தின் இருப்பிடம் என்று சொல்லக்கூடாது என்று, தம்மைப் பின்பற்றியவர்களையே கண்டித்தார். எலி உறைந்து நிற்கிறது என்று சொல்லலாம். எலி பயப்படுகிறது என்று சொல்லும்போது கொஞ்சம் நம்மையும் கலந்து சொல்கிறோம்.

செய்வதைப் பார்த்துச் சொன்னாலே போதுமான அதிசயம் இருக்கிறது. கென்யாவில் அம்போசெலிக் காட்டிலுள்ள ஒரு ஜாதிக் குரங்குகள் சிறுத்தைக்கு ஒரு குரல், கழுகுக்கு ஒரு குரல், பாம்புக்கு ஒரு குரல் என்று தனித்தனியாக எச்சரிக்கை கொடுக்கின்றன. அந்தக் குரல்களைப் பதிவு செய்து, மிருகம் எதுவும் இல்லாதபோது ஒலிபரப்பிப் பார்த்தார்கள். 1980-ல் முடிவை வெளியிட்டார்கள். சிறுத்தைக் குரலுக்கு மரத்தில் ஏறின. கழுகுக் குரலுக்கு மேலே பார்த்தன. பாம்புக் குரலுக்குப் பின்னங்காலில் எழுந்து நின்று தரையைப் பார்த்தன. குட்டிகள் மட்டும் ஒன்றும் செய்யாத பறவைகளுக்கும், சில சமயம் உதிரும் இலைக்கும்கூடக் கழுகுக் குரல் கொடுத்துவிடுகின்றன. கொல்லைக் கிணற்றடியில் நின்ற பையனை அந்தக் குட்டிகளுக்குத் தெரிந்திருக்கும்.

ஹைனி ஹெடிகர் என்பவர் சுவிட்சர்லாந்தில் மிருகக்காட்சி சாலைகளை நிர்வகித்தவர். ஒவ்வொரு மிருகத்துக்கும் ஓட்ட தூரம் என்று ஒன்று உண்டு, அதற்குள் ஆள் வந்தால் அது விலகிப் போய்விடும் என்று அவர் கண்டார். விலக வழியில்லாமல் இன்னும் நெருங்கினால் அதுவே பாயும். சர்க்கஸில் சிங்கத்தை ஆட்டி வைக்கிறவன் இந்த இரண்டு கோடுகளுக்கு நடுவில்தான் முன்னும் பின்னும் காலெடுத்து வைக்கிறான். அறைக்குள் அடைத்து அடித்தால் பூனையும் புலியாகும் என்று நம் பாட்டிமார் சொன்னதும் இதுதான். அவர்கள் தூரத்தை அளக்கவில்லை, அவ்வளவே.

ஹெமிங்வே 1936-ல் எழுதிய 'பிரான்சிஸ் மகோம்பரின் சுருக்கமான, மகிழ்ச்சியான வாழ்க்கை' என்ற கதையில் சிங்கத்தின் தலைக்குள்ளேயே போய்விடுகிறார். வம்பு என்று சொன்னேன். அவர் பாதிதான் வம்பில் மாட்டிக்கொள்கிறார். ஆற்றங்கரையில் நிற்கும் சிங்கத்துக்கு மோட்டார் கார் தெரிகிறது. காராகத் தெரியவில்லை, பிரம்மாண்டமான ஒரு காண்டாமிருகம்போலத் தெரிகிறது. காற்றில் மனித வாடை வரவில்லை. பயம் இல்லை, தயக்கம்தான். அந்த உருவத்திலிருந்து மனித உருவம் ஒன்று பிரிந்து வந்த பிறகுதான் அது மரத்தடிக்குத் திரும்புகிறது. மிருகத்துக்கு ஆபத்து என்பது ஓர் உருவம், ஒரு வாடை, ஒரு தூரம். இது வரையில் அபாரம். ஆனால் குண்டு பட்ட பிறகு சிங்கம் புல்லுக்குள் படுத்துக்கொண்டு, தன் வலியையும் வெறுப்பையும் எல்லாம் ஒன்று திரட்டிக் காத்திருக்கிறபோது, அது சிங்கம் அல்ல, ஹெமிங்வே. வலி சரி. வெறுப்பை அவர் தம் கையிலிருந்து போட்டுவிட்டார் என்று எனக்குச் சந்தேகம்.

செல்லப்பா அந்தப் பிழையையும் செய்யவில்லை. 1959-ல் வெளிவந்த 'வாடிவாசல்' சின்னப் புத்தகம். ஒரே மூச்சில் படித்துவிடலாம். தகப்பன் அம்புலியைக் குத்திக் கொன்ற காரி என்ற ஜமீன் காளையை அணைய, மகன் பிச்சி, மச்சான் மருதனோடு செல்லாயி ஜல்லிக்கட்டுக்கு வந்து நிற்கிறான். கதை அவ்வளவுதான். காரி மனசில் என்ன ஓடுகிறது என்று செல்லப்பா உட்கார்ந்து விவரிப்பதில்லை. அதைப் பார்க்கிறவர்கள் வழியாகவே பார்க்கிறோம்: பழைய கதைகள் தெரிந்த கிழவன், பிச்சி, மேடையில் ஜமீன்தார், கூட்டம். சாதாரணக் காளைக்கு வாடிவாசலைத் தாண்டினால் திறந்த வெளி. ஹெடிகர் சொன்ன ஓட்ட தூரம் அங்கே கிடைத்துவிடுகிறது, ஓடிப் போய்விடும். காரி ஓடவில்லை. நிற்கிறது. ஓடாத காளை என்பதுதான் அதைப்பற்றிய பயம் முழுவதும். மிருகம் செய்ய வேண்டியதைச் செய்யவில்லை என்கிறபோது மனிதனுக்கு வயிற்றைக் கலக்குகிறது. இதைச் சொல்ல அவருக்கு ஓர் உவமைகூடத் தேவைப்படவில்லை.

பிச்சி மட்டும் பயமில்லாதவனா? அங்கே நிற்கிற எல்லாருக்கும் உடம்பு ஓடு என்றுதான் சொல்கிறது. ஓடவிடாமல் செய்வது எது? செத்துப்போன தகப்பன். சுற்றி நிற்கும் கண்கள். ஊர். மிருகத்துக்கு இல்லாத இன்னோர் ஆபத்து மனிதனுக்கு இருக்கிறது. மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது. தொல்காப்பியர் விலங்கோடும் கள்வரோடும் அரசனைச் சேர்த்து எண்ணினார் அல்லவா? ஆட்சி செய்கிற கண் என்று அதைக் கொஞ்சம் நீட்டிப் பொருள் கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. புலவர்கள் கோபித்துக்கொள்வார்கள்; பரவாயில்லை. 'வாடிவாசல்' முடிவில் அந்தக் கண்ணுக்குப் பயந்தவர் ஜமீன்தார்தான். பிச்சி காளையை அணைந்த பிறகு, இத்தனை பேர் முன்னால் தோற்றுப்போன காரியை அவர் துப்பாக்கியால் சுட்டுக் கொல்கிறார். அந்தக் கதையில் பயத்தால் செய்யப்பட்ட கொலை என்றால் அது ஒன்றுதான்.

மகோம்பரும் அப்படித்தான். சிங்கம் புல்லிலிருந்து பாய்ந்து வந்தபோது ஓடினான். ஓடியது உடம்பு, அதற்கு அவன் என்ன செய்வான்? ஆனால் காரில் மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கதையில் பெரிய மிருகம் அந்தப் பார்வைதான். கார்பெட்டோ இதைத் தம்மைப்பற்றியே சொல்லிக்கொள்கிறார். 436 பேரைக் கொன்ற சம்பாவத் புலியைத் தேடிப் பாலி என்ற கிராமத்துக்குப் போனபோது, முதல் நாள் ராத்திரி ஒரு மரத்தடியில் உட்கார்ந்து காவல் காக்கிறேன் என்று சொல்லிவிட்டார். நிலா வெளிச்சத்தில் கிளைகளின் நிழல் அசைய அசைய, பத்துப் பன்னிரண்டு புலிகள் வருவதுபோல இருந்தது. பல் கிட்டிப்போயிற்று, குளிரால் பாதி, பயத்தால் பாதி. ஊருக்குத் திரும்பிப் போய்ப் பயமாக இருக்கிறது என்று சொல்லத் தைரியம் வரவில்லை, அதனால் விடிகிற வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன் என்கிறார். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவருடைய கனவான் புலியைப் பொறுத்துக்கொள்ளலாம்.

அதே கதையில் ஒரு பெண் வருகிறாள். தன் சகோதரியைப் புலி தூக்கிக்கொண்டு ஓடுகிறது. இவள் பின்னாலேயே ஓடுகிறாள், அவளை விட்டுவிடு, என்னை எடுத்துக்கொள் என்று கத்திக்கொண்டு. புலி திரும்பி உறுமுகிறது. ஊருக்கு ஓடி வந்து நடந்ததைச் சொல்ல வாயைத் திறந்தால் பேச்சு வரவில்லை. ஒரு வருஷம் வரவில்லை. புலியைச் சுட்டுத் தோலைக் கொண்டுவந்து அவள் வீட்டு வாசலில் விரித்துக் காட்டுகிறார் கார்பெட். அவள் புருஷனையும் ஊரையும் கத்திக் கூப்பிடுகிறாள், வந்து பாருங்கள் என்று. பேச்சு வந்துவிட்டது. கார்பெட் இதற்கு விளக்கம் சொல்வதில்லை, உளவியல் பேசுவதில்லை. அவளை விட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுகிறார். இந்தப் பெண்ணைப்பற்றி எழுதியே ஆகவேண்டும் என்று நான் இருபது வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். எடுத்த எடுப்பில் அவள் மனசுக்குள் போய்விடுகிறேன், கிழித்துப் போட்டுவிடுகிறேன்.

போன வருஷம் அந்த இரண்டாவது நாவல் மறுபதிப்புக்கு வந்தது. திருத்தம் ஏதாவது உண்டா என்று பதிப்பாளர் கேட்டிருந்தார். பன்னிரண்டாம் அத்தியாயத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தாயை அடித்தேன். மணக்கப் போகும் பெண்ணை அடித்தேன். நிலையாமையை அடிக்கும்போது கொஞ்சம் வருத்தமாகவே இருந்தது; அந்தக் காலத்தில் அதைப் பலர் மேற்கோள் காட்டினார்கள். 'அவன் உள்ளம் அஞ்சியது' என்பதையும் அடித்தேன். ஒன்றரைப் பக்கம் ஆறு வரியாயிற்று. புதர் விலகியது, புலி, அவன் கையில் இருந்த டிபன் டப்பா, அது எப்போது கீழே விழுந்தது என்று அவனுக்குத் தெரியவில்லை. புலி டப்பாவைப் பார்த்தது. அதன் பிறகு போய்விட்டது. பதின்மூன்றாம் அத்தியாயத்தில் அது சாக வேண்டியிருந்ததால் அதையும் மாற்ற வேண்டியதாயிற்று.

புரூப் வந்தபோது, திருத்துகிறவர் அந்த இடத்தில் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி போட்டு, இங்கே சில வரிகள் விட்டுப்போயிருக்கின்றனவா என்று எழுதியிருந்தார். இல்லை என்று எழுதி அனுப்பினேன்.